மங்கிப்போன ஜன்னல்கள்: லண்டனில் ஒரு கண்ணாடிக்காரருடன்

மேற்கு லண்டன் பார்க் ராயல் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தப் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழுவது தண்ணீர்ச் சத்தம். வெட்டிய கண்ணாடிகளைக் கழுவும் இயந்திரம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. கழுவி வந்த கண்ணாடியைக் கையுறை இல்லாமல் யாரும் தொடுவதில்லை. உள்பக்கத்தில் ஒரு விரல் ரேகை தங்கிவிட்டால் போதும், பிறகு எந்தத் துணியும் அதை எட்ட முடியாது.

என்னை அழைத்து வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வடமேற்கு லண்டனில் வீடு வீடாகப் போய் ஜன்னல் பழுதுபார்ப்பது அவர் தொழில். "பேர் ஒண்டும் போடாதேங்கோ தம்பி" என்று முதலிலேயே சொல்லிவிட்டதால், இங்கே அவர் வெறும் 'அண்ணன்'.

இந்த ஊரில் நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடினால், குழந்தைகளின் பள்ளிக்கூடப் பேச்சுக்கு அடுத்தபடியாக வருவது வீட்டுப் பேச்சு. அதில் ஜன்னல் கட்டாயம் வரும். "இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் மூட்டம் போட்டுவிட்டது, ஆள் வந்து பார்த்தார், ஜன்னலையே மாற்ற வேண்டும் என்கிறார்" என்று யாராவது சொல்வார்கள். மாற்றத்தான் வேண்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். "வேனிலை ஏறுங்கோ, பார்த்துப்போட்டு நீங்களே சொல்லுங்கோ" என்றார். அப்படித்தான் நவம்பர் மாதக் காலை ஒன்றில் இந்தப் பட்டறையில் வந்து நின்றேன்.

மேசையில் கிடந்தது இன்னும் மூடாத ஒரு இரட்டைக் கண்ணாடி யூனிட். இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையில் ஓரத்தைச் சுற்றி ஓடும் பட்டிக்கு ஸ்பேசர் என்று பெயர். உள்ளே குழல் போன்ற வெற்றிடம், அதில் கடுகைவிடச் சற்றுப் பெரிய வெளிர் மணிகள். நடு இடைவெளியைப் பார்த்த பக்கத்தில் பட்டி முழுக்க நுண்ணிய துளைகள். பட்டியின் இரு பக்கமும் கறுப்பு பியூட்டைல் பசையை இழையாக ஓட்டி, கண்ணாடிகளை அழுத்தி ஒட்டி, நடுவில் ஆர்கான் வாயுவை நிரப்பி, வெளி ஓரத்தைப் பாலிசல்பைடு பசையால் அடைக்கிறார்கள். முதல் பசை ஈரத்தையும் வாயுவையும் தடுக்கிறது, இரண்டாவது கண்ணாடிகளைப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து வைக்கும் யோசனைக்கு அமெரிக்காவில் தாமஸ் ஸ்டெட்சன் 1865-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் ஓரத்தை ஈரம் புகாமல் அடைக்கும் வித்தை கைகூடி, வீடுகளுக்கு அது விற்பனைக்கு வர அடுத்த நூற்றாண்டு ஆனது. இன்றைக்கும் இந்த ஜன்னலின் ஆயுள் அந்தக் கட்டைவிரல் அகல ஓரத்தில்தான் இருக்கிறது.

அண்ணன் ஒரு பிளாஸ்டிக் மூடியில் புது மணிகளைக் கொஞ்சம் கொட்டி, குழாயிலிருந்து சில சொட்டுத் தண்ணீர் விட்டார். "அடியைத் தொட்டுப் பாருங்கோ." தொட்டேன். சட்டென்று சூடு ஏறியது. மணிகள் சியோலைட் வகையைச் சேர்ந்தவை. தண்ணீரை வெறியோடு உறிஞ்சும், உறிஞ்சும்போது வெப்பத்தை விடும். பிறகு குப்பைத் தொட்டிப் பக்கம் போய், மூட்டம் போட்டதென்று கழற்றி எறியப்பட்ட பழைய பட்டி ஒன்றை ஒடித்து, அதிலிருந்த மணிகளிலும் தண்ணீர் விட்டார். மூடி குளிர்ந்தே கிடந்தது. "இது வயிறு நிறைஞ்சு போச்சு, இனிக் குடியாது."

மூட்டத்தின் கதை இவ்வளவுதான். ஓரப் பசை வழியாக ஈரம் துளித் துளியாக எப்போதும் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும், மணிகள் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். அவை நிறைந்த பிறகு வரும் ஈரம், குளிரான கண்ணாடியில் பனியாகப் படிகிறது. பசை நன்றாக இருந்தால் இந்தக் கட்டத்துக்கு வர இருபது ஆண்டுகூட ஆகலாம். சில வீடுகளில் ஐந்தாறு ஆண்டிலேயே வந்துவிடுகிறது. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை மதியம் ஹாரோவில் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன் வழியில் இரண்டு வீடுகள்.

முதல் வீடு வெம்பிளியில் ஒரு அடுக்குமாடி ஃபிளாட். சென்னையிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கும் இளம் தம்பதி. "அங்கிள், எல்லா ஜன்னலும் லீக் ஆகுது" என்று கதவைத் திறக்கும்போதே சொன்னார் அந்தப் பெண். படுக்கையறைக் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து அடிக்கட்டையில் தேங்கியிருந்தது. மூலையில் கறுப்பாகப் பூஞ்சை.

அண்ணன் ஒற்றை விரலால் கண்ணாடியின் உள்பக்கத்தை ஒரு இழுப்பு இழுத்தார். கோடு தெளிவாக விழுந்தது. "விரலிலை வருதெண்டால் கண்ணாடியிலை பிழை இல்லைப் பிள்ளை, அறையிலைதான் பிழை."

ஜன்னலில் ஈரம் படியும் இடங்கள் மூன்று. அறையைப் பார்த்த பக்கத்தில் படிந்தால் அது வீட்டுக் காற்றில் உள்ள ஈரம். வெளிப்பக்கத்தில், இலையுதிர் காலத்து விடியலில் படிந்து வெயில் வந்ததும் மறைந்தால், ஜன்னல் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். உள்ளே இருக்கும் சூடு வெளிக் கண்ணாடியை எட்டாததால் அது குளிர்ந்து பனி பிடிக்கிறது. உள்ளேயிருந்து துடைத்தாலும் போகவில்லை, வெளியேயிருந்து துடைத்தாலும் போகவில்லை என்றால்தான் யூனிட் கெட்டிருக்கிறது.

இந்த வீட்டில் கெட்டது எதுவுமில்லை. அடுப்பில் இட்லிக் குண்டான் ஆவி விட்டுக்கொண்டிருந்தது, ரேடியேட்டர் மேல் ஈரத் துணி காய்ந்தது. ஜன்னல் சட்டத்தின் உச்சியில் காற்றுக்கென்று விட்டிருந்த நீளப் பிளவைக் குளிர் வருகிறது என்று டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அண்ணன் டேப்பை உரித்தார், சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடச் சொன்னார், குளிக்கிற அறைக் கதவைச் சாத்தி வைக்கச் சொன்னார். காசு வாங்கவில்லை. வேனில் ஏறிய பிறகு, "இதுக்கே சில பேர் புது யன்னல் வித்துப்போடுவாங்கள்" என்றார்.

இரண்டாவது வீடு வடக்கு ஹாரோவில். கண்ணாடி பளிச்சென்று இருந்தது, ஆனால் மூடிய ஜன்னல் வழியாகக் குளிர்காற்று. அண்ணன் வீட்டுக்காரரிடம் ஊதுபத்தி இருக்கிறதா என்று கேட்டார். தமிழர் வீட்டில் அது இல்லாமல் இருக்குமா? பத்தியைக் கொளுத்தி ஜன்னல் விளிம்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோனார். மூன்று பக்கமும் நேராக எழுந்த புகை, கீழ் மூலையில் மட்டும் அறைக்குள் மடங்கியது.

திறக்கும் கதவுப் பலகத்தைத் தாங்குவது பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் உராய்வுக் கீல்கள். வருடக்கணக்காகக் கண்ணாடியின் பாரத்தைச் சுமந்து அவை தளர்ந்ததும் பலகம் ஒரு பக்கம் தொங்கி, மூலையில் இடைவெளி விழுகிறது. இந்தக் கீல்களை வாங்கும்போது நீளத்தோடு, மடித்த நிலையில் அதன் தடிமனையும் அளக்க வேண்டும். பெரும்பாலும் 13 அல்லது 17 மில்லிமீட்டர். மாற்றி வாங்கினால் ஜன்னல் மூடவே மூடாது. இரண்டு கீல்களையும் சேர்த்தே மாற்றினார். பிறகு பூட்டுக்கம்பியில் இருக்கும் குமிழ்களை ஆலன் கீயால் லேசாகத் திருப்பினார். அவற்றின் அச்சு மையத்தில் இல்லாமல் சற்று விலகியிருப்பதால், திருப்பத் திருப்பப் பலகம் ரப்பர் கேஸ்கெட்டோடு இறுகுகிறது. மறுபடியும் ஊதுபத்தி. இப்போது புகை நேராகப் போனது. ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்துவிடலாம்.

மதியம் ஹாரோவில் நாங்கள் போனது 1930-களில் கட்டிய இரட்டை வீடுகளில் ஒன்று. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் கதவைத் திறந்தார். பின்கட்டு அறையின் பெரிய ஜன்னலில் ஒரு கண்ணாடி முழுவதும் பால் நிறத்தில் மங்கி, கீழே தண்ணீர்க் கோடுகள் காய்ந்து கிடந்தன. ஏற்கெனவே ஒரு விற்பனையாள் வந்து, வீட்டு ஜன்னல்கள் அத்தனையையும் மாற்ற வேண்டும் என்று விலைச்சீட்டு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தொகையை அக்கா வாய்விட்டுச் சொல்லவில்லை, சீட்டைத்தான் நீட்டினார்.

அண்ணன் சட்டத்தை நாலு மூலையிலும் தட்டிப் பார்த்தார். வெல்டு விட்டுப்போகவில்லை, வளைவு இல்லை. "சட்டம் இன்னும் கன காலம் இருக்கும் அக்கா. கண்ணாடியை மட்டும் மாத்தினால் காணும்."

சட்டத்தை விட்டுவிட்டுக் கண்ணாடி யூனிட்டை மட்டும் மாற்றுவதில் காகித வேலையும் இல்லை. இங்கிலாந்தில் 2002 ஏப்ரல் முதல் முழு ஜன்னலை மாற்றினால் உள்ளூர் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது ஃபென்சா போன்ற அமைப்பில் பதிவான ஆள் செய்து சான்றிதழ் தர வேண்டும். வீட்டை விற்கும்போது வக்கீல் அந்தக் காகிதத்தைக் கேட்பார். கண்ணாடி மட்டும் என்றால் அது வெறும் பழுதுபார்ப்பு. ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்குக் கீழே கண்ணாடி வந்தாலோ, கதவிலும் கதவை ஒட்டிய பக்கத்திலும் 1500 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தாலோ, பாதுகாப்புக் கண்ணாடிதான் போட வேண்டும். மூலையில் அதற்கான முத்திரை பொறித்திருக்கும்.

அளவை முன்பே எடுத்துப் பட்டறையில் சொல்லியிருந்தார். பீடிங்கை, அதாவது கண்ணாடியை உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்திருக்கும் நாலு பிளாஸ்டிக் பட்டிகளைக் கழற்றி, சட்டத்தின் உள் அளவைப் பிடித்து, சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வருகிற மாதிரிக் குறைத்துக்கொள்ள வேண்டும். தடிமன் முக்கியம். இந்த ஜன்னலுக்கு 28 மில்லிமீட்டர், அதாவது 4 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு, நடுவில் 20 மில்லிமீட்டர் இடைவெளி. தடிமன் பிசகினால் பீடிங் பொருந்தாது.

வேனிலிருந்து புது யூனிட்டை இறக்கும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். இந்தக் கண்ணாடி சதுர மீட்டருக்கு 20 கிலோ கனக்கும். ஒற்றை ஆளாகப் பெரிய ஜன்னலில் கைவைக்கக் கூடாது என்று அண்ணன் சொன்னது கை வலித்தபோது புரிந்தது.

அடுத்து பீடிங்கின் நாலு பட்டிகள். நீளமான ஒன்றின் நடுவில், சட்டத்துக்கும் பட்டிக்கும் இடையில் அகலமான தகட்டுக் கத்தியை வைத்து, நைலான் சுத்தியலால் லேசாகத் தட்டினார். பட்டி வில்லாக வளைந்து 'டப்' என்று வெளியே வந்தது. மற்ற மூன்றும் அதன் பின்னால் எளிதாக வந்தன. எது எந்தப் பக்கம் என்று பின்னால் பென்சிலில் எழுதிக்கொண்டார். குளிரில் இந்தப் பிளாஸ்டிக் நொறுங்கும் என்பதால் அறையைச் சூடாக்கி வைக்கும்படி அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தார். கண்ணாடியை எடுக்குமுன் ஓரத்தில் சொருகியிருந்த சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் எங்கெங்கே இருந்தன என்று கைப்பேசியில் படம் பிடித்தார்.

பழைய யூனிட் வெளியே வந்ததும் அண்ணன் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சட்டத்தின் அடிக்குழியில் கறுப்புச் சேறும் செத்துப்போன புள்ளி வண்டுகளும், அவற்றின் மேல் ஒரு விரல்கடைத் தண்ணீரும் இருந்தன. கண்ணாடியின் கீழ் ஓரம் அந்தத் தண்ணீரிலேயே நின்றிருக்கிறது. பாலிசல்பைடு பசை ஊறி விரலால் தொட்டாலே பிய்ந்து வந்தது.

"வெளியிலை வாங்கோ" என்று என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனார். ஜன்னல் சட்டத்தின் கீழ்விளிம்பில் அரை அங்குல இடைவெளிகள் இரண்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைச் சிலிகான் அப்பியிருந்தது.

அக்கா சிரித்துவிட்டார். "எறும்பு வருதெண்டு இவர்தான் அடைச்சவர்." உள்ளேயிருந்து அவர் கணவரின் குரல்: "காத்தும் வந்தது!"

யூபிவிசி பிளாஸ்டிக் ஜன்னலைப் பற்றி வீட்டுக்காரர்கள் அறியாத விஷயம் இதுதான். மழைத் தண்ணீர் சட்டத்துக்குள் போகவே கூடாது என்று அது செய்யப்படவில்லை. கண்ணாடியை ஒட்டிய ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் எப்படியும் உள்ளே இறங்கும். இறங்கினால் அடிக்குழியில் சேர்ந்து, அந்த இடைவெளிகள் வழியாக வெளியே வடிய வேண்டும். கண்ணாடியைப் பிளாஸ்டிக் துண்டுகளின் மேல் தூக்கி நிறுத்துவதும் அதன் ஓரம் நனையாமல் இருக்கத்தான். வடிகாலை அடைத்தால் சட்டம் தொட்டியாகிவிடும். ஐந்து வருடத்தில் மங்கும் ஜன்னலுக்கும் இருபது வருடம் நிற்கும் ஜன்னலுக்கும் நடுவில் பல வீடுகளில் இருப்பது அந்தச் சின்ன ஓட்டைதான்.

அண்ணன் சிலிகானைக் கத்தியால் சுரண்டி எடுத்தார், சேற்றைத் துடைத்தார், ஒல்லியான கம்பியை விட்டு வடிகால் முழுவதும் குத்தினார். பிறகு அக்காவிடம் ஒரு கோப்பைத் தண்ணீர் வாங்கி அடிக்குழியில் ஊற்றினார். நாங்கள் மூன்று பேரும் வெளியே குனிந்து நின்றோம். முதலில் கறுப்பாகச் சொட்டியது. அப்புறம் தெளிந்த தண்ணீர் தடையில்லாமல் ஓடியது. "இனித்தான் புதுசை வைக்கலாம்."

புது யூனிட்டை வைப்பதற்கு முன் லைட்டரைக் கொளுத்திக் கண்ணாடி முன் பிடித்தார். இரண்டு கண்ணாடிகளுக்கும் நாலு பரப்புகள் என்பதால் நாலு சுடர்கள் தெரிந்தன. வெளியிலிருந்து எண்ணினால் மூன்றாவது மட்டும் நிறம் மாறிச் சற்றே சிவந்திருந்தது. அறைச் சூட்டைத் திருப்பி அனுப்பும் லோ-இ பூச்சு அந்தப் பரப்பில் இருக்கிறது. பூச்சு உள்கண்ணாடியில், இடைவெளியைப் பார்த்தபடி வர வேண்டும். ஒட்டுச்சீட்டில் எழுதியிருந்தாலும் சுடரை வைத்துப் பார்க்காமல் அண்ணன் கண்ணாடி ஏற்றுவதில்லை.

இது திறக்காத ஜன்னல் என்பதால் அடியில் இரண்டு பக்கமும் துண்டுகள் வைத்து நிறுத்தினால் போதும். துண்டுகள் வடிகாலை மறைக்காமல் பார்த்துக்கொண்டார். திறக்கும் பலகமாக இருந்தால் வேலை வேறு. கீல் பக்கத்துக் கீழ் மூலையில் ஒரு துண்டு, எதிர்ப் பக்கத்து மேல் மூலையில் ஒரு துண்டு. கண்ணாடியே மூலைக்கு மூலை முட்டுக் கொடுத்துப் பலகம் தொங்காமல் காக்கும். புதிதாகக் கண்ணாடி மாற்றிய பிறகு ஜன்னல் கீழே இடிக்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தத் துண்டுகளை விட்டுவிட்டதால் வருபவை என்கிறார்.

பீடிங்கைத் திருப்பிப் போடும்போது வரிசை தலைகீழ். குட்டையானவை முதலில், நீளமானவை பிறகு. நீளப் பட்டியின் இரண்டு முனைகளையும் முதலில் பொருத்தி, நடுவை வளைத்து உள்ளே தள்ளி, சுத்தியலால் ஓரமாகத் தட்டிக்கொண்டே வந்தார். பசையோ சிலிகானோ எதுவும் பூசவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பூசினால் தண்ணி போற வழி அடைபடும், அடுத்த முறை கழட்டவும் ஏலாது" என்றார்.

தேநீர் வந்தது. எனக்கு இரண்டு சந்தேகங்கள் மிச்சம் இருந்தன. மங்கிய கண்ணாடியில் ஊசித் துளை போட்டு, உள்ளே கழுவி, உலர்த்தி, சின்ன மூச்சுக்குழல் வைத்து மூடும் வேலையை மலிவாகச் செய்கிறார்களே, அது சரியா? அண்ணன் தலையை ஆட்டினார். மூட்டம் போகும், ஆனால் ஆர்கான் திரும்பி வராது, மணிகளுக்குப் புது உயிரும் வராது. வாடகை வீட்டைக் காலி செய்யும் வரை ஓட்டுவதற்கு அது சரி. பொருத்தமான கண்ணாடி கிடைக்காத பழைய சட்டங்களுக்கும் சரி.

மங்கிய கண்ணாடியால் வீடு எவ்வளவு குளிர்ந்துவிடும்? இதற்கு எண்களில் பதில் உண்டு. ஒற்றைக் கண்ணாடியின் வெப்பக் கசிவு அளவு, அதாவது யூ மதிப்பு, 5.7 அளவில் இருக்கும். பூச்சு இல்லாத பழைய இரட்டைக் கண்ணாடிக்கு 2.8. பூச்சும் ஆர்கானும் சேர்ந்த 16 மில்லிமீட்டர் இடைவெளி யூனிட்டுக்கு 1.1. அதே யூனிட்டில் ஆர்கான் போய்க் காற்று நிரம்பினால் 1.4. மூட்டம் கண்ணை உறுத்துகிற அளவுக்குக் கணப்புச் செலவை உறுத்துவதில்லை. இந்தக் குளிர்காலத்துக்குள் மாற்றாவிட்டால் வீடு உறைந்துபோகும் என்று யாராவது அவசரப்படுத்தினால், நம்ப வேண்டியதில்லை.

அண்ணன் எழுதிக் கொடுத்த ரசீதில் ஒரு யூனிட், ஒரு வேலைக்கூலி, அவ்வளவுதான். மற்ற ஜன்னல்களின் வடிகால்களை அக்காவின் கணவரே ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்வதாக ஒப்புக்கொண்டார். அதற்கு வேண்டியது ஒரு கம்பியும் ஒரு கோப்பைத் தண்ணீரும். இலை உதிரும் அக்டோபரில் வருடம் ஒருமுறை செய்தால் போதும்.

பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள் என்று அண்ணன் சொன்னதற்கு என் பதில் இது: விலைச்சீட்டோடு ஆள் வந்தால், சட்டத்தில் எந்த இடம் உடைந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால், கண்ணாடிக்கு மட்டும் விலை கேளுங்கள்.